புரட்டாசி விதைப்பை இனி நம்பலாமா? வடகிழக்குப் பருவமழை கூடுகிறதா, குறைகிறதா?

கரிசல்சம்சாரி

விளாத்திகுளம் பக்கம் எங்களுக்குக் கரிசல் காடு இருக்கிறது. கிணறு கிடையாது, முழுக்க மானாவாரி. உளுந்து, பாசி, மக்காச்சோளம், கொஞ்சம் கம்பு, ஓரத்தில் மல்லி. அய்யா காலத்தில் இருந்தே புரட்டாசி பாதிக்குள் மழைக்கு முன்னாடியே புழுதியில் விதைத்துப் போட்டுவிடுவோம். மழை விழுந்ததும் முளைத்து வரும், தை பிறக்கும்போது உளுந்து களத்துக்கு வந்துவிடும்.

இந்தக் கணக்கு இப்போது அடிக்கடி பிசகுகிறது. ஒரு மழை பெய்து பயிர் முளைத்து இரண்டு இலை விட்டதும் வானம் வெளுத்துவிடுகிறது, அடுத்த மழைக்குள் பாதி காய்ந்துவிடுகிறது, மறுபடி விதை வாங்கி, மறுபடி டிராக்டர் வாடகை கொடுத்து, மறுபடி விதைக்க வேண்டியிருக்கிறது. அதையும் தாண்டி வந்தால் மார்கழிக் கடைசியிலும் தையிலும் மழை பிடித்துக்கொள்கிறது. 2021 ஜனவரியில் நெற்றாகி நின்ற உளுந்தெல்லாம் செடியிலேயே முளைத்தது. 2023 டிசம்பர் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

டிவியில் ஒருவர் வெப்பம் கூடினால் மழை கூடும் என்கிறார், இன்னொருவர் வறட்சி கூடும் என்கிறார். ஊரில் சிலர் 'நமக்குத்தான் மழை கூடப்போகிறதே, நல்லதுதானே' என்று பேசுகிறார்கள். எனக்கு இதில் எது சரி என்று தெரிய வேண்டும். மொத்தத்தில் எங்கள் பக்கம் மழை கூடுமா குறையுமா? புரட்டாசி விதைப்பை விட்டுவிட்டு ஐப்பசி மழை பார்த்து விதைக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

---

மழைமானி

அண்ணாச்சி, டிவியில் வந்த இரண்டு பேரும் சொல்வது சரிதான். ஒன்றுக்கொன்று எதிர் மாதிரித் தெரிகிறது, ஆனால் இரண்டும் ஒரே காரணத்தில் இருந்து வருபவை.

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. இது அடிப்படை இயற்பியல், இதில் கருத்து வேறுபாடே கிடையாது. ஒரு புயலோ தாழ்வு நிலையோ கடலில் இருந்து ஈரத்தை இழுத்து வந்து கொட்டும்போது, இழுத்து வரும் சரக்கு முன்பைவிட அதிகம், அதனால் கொட்டுவதும் அதிகம். ஆனால் உலகம் முழுக்க ஒரு வருடத்தில் பெய்யும் மொத்த மழை அந்த 7 சதவீத வேகத்தில் கூடுவதில்லை, ஒரு டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம்தான். நீராவி குளிர்ந்து மழையாகும்போது வெளிவிடும் வெப்பத்தை வளிமண்டலம் விண்வெளிக்கு அனுப்பி ஆக வேண்டும், அதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. கனமழை வேகமாகக் கூடி, மொத்தம் மெதுவாகக் கூடினால் நடுவில் ஏதோ ஒன்று குறைந்துதானே ஆக வேண்டும்? குறைவது சின்ன மழையும் தூறலும். அதாவது உங்கள் பயிருக்கு உண்மையில் உதவுகிற மழை.

இன்னொன்று, மழை இல்லாத நாட்களில் அந்தச் சூடான காற்று மண்ணில் இருந்தும் இலையில் இருந்தும் கூடுதலாக ஈரத்தை உறிஞ்சும். முன்பு கரிசலில் ஒரு நல்ல மழை ஈரம் எவ்வளவு நாள் தாங்கியதோ அவ்வளவு நாள் இப்போது தாங்காது. நீங்கள் சொல்லும் இரண்டு இலைப் பருவக் காய்ச்சலுக்கு மழை இடைவெளி மட்டும் காரணம் இல்லை, இடைவெளியில் மண் காய்கிற வேகமும் காரணம்.

மொத்தக் கணக்கைக் கேட்டீர்கள். டில்லியில் இருக்கும் சி.இ.இ.டபிள்யூ. என்ற ஆய்வு நிறுவனம் 2024 ஜனவரியில் தாலுகா வாரியாக ஒரு கணக்கு வெளியிட்டது. 1982 முதல் 2011 வரையிலான சராசரியோடு அதற்குப் பிந்தைய பத்தாண்டை ஒப்பிட்டால், தமிழ்நாட்டில் ஏறக்குறைய 80 சதவீதத் தாலுகாக்களில் வடகிழக்குப் பருவமழை 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பத்தாண்டுக்குள்தான் 2016 வருகிறது, மாநிலத்தில் அந்தப் பருவத்தில் வழக்கத்தில் 62 சதவீதம் குறைந்து எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்த வருடம். அதே பத்தாண்டுக்குள்தான் 2015 சென்னை வெள்ளமும், 2021ல் 59 சதவீதம் கூடுதலாகப் பெய்ததும் வருகிறது. இத்தனையையும் கூட்டி வகுத்தால் 'கூடியிருக்கிறது' என்று ஒரு எண் வரும், அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரும் விதைக்க முடியாது.

2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது 95 செ.மீ. மாநிலத்தின் வடகிழக்குப் பருவமழைச் சராசரியே மூன்று மாதத்துக்கும் சேர்த்து 44 செ.மீ.தான். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. மழை என்றால் 40 ஆயிரம் லிட்டர், 95 செ.மீ. என்றால் 38 லட்சம் லிட்டர், அதுவும் ஒரே நாளில். அந்த வருட ஏட்டில் அந்த ஊருக்கு 'மிக அதிக மழை' என்று பதிவாகும். அந்தத் தண்ணீரில் எவ்வளவு காட்டுக்குள் இறங்கியது, எவ்வளவு கரையையும் வீட்டையும் உடைத்துக்கொண்டு கடலுக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் 'மழை கூடப்போகிறது, நல்லதுதானே' என்பவர்களிடம் எத்தனை நாளில், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

---

பருத்திக்காடு

எல்லாவற்றுக்கும் பருவநிலை மாற்றம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை நான் பார்த்திருக்கிறேன், அப்போது யாரும் இந்தப் பேச்சே பேசவில்லை. தாது வருசப் பஞ்சம் வந்தது 1876ல், அன்றைக்கு எத்தனை கார் ஓடியது? கரிசல் பூமியில் பத்து வருடத்தில் ஐந்து வருடம்தான் ஒழுங்காகப் பெய்யும் என்று எங்கள் தாத்தா சொல்வார். மழை என்றைக்கும் இப்படித்தான் இருந்தது, நாம்தான் மாறிவிட்டோம். கண்மாய்களைத் தூர விட்டோம், ஓடைகளில் சீமைக்கருவேலத்தை வளர விட்டோம், கம்பும் சோளமும் போட்ட காட்டில் முழுக்க மக்காச்சோளம் போட்டோம். கம்பு ஒரு மாதம் மழை இல்லாவிட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும், மக்காச்சோளம் பூக்கிற நேரத்தில் பத்து நாள் காய்ந்தால் கதிரில் மணி பிடிக்காது. அதற்கு மேல் படைப்புழு வேறு. பழியை வானத்தின் மேல் போட்டுவிட்டால் நம் வேலை முடிந்ததா?

---

மழைமானி

அண்ணாச்சி, கண்மாய் பற்றியும் பயிர் பற்றியும் நீங்கள் சொன்னதில் ஒரு வரிகூட மறுப்பதற்கில்லை. ஆனால் 'என்றைக்கும் இப்படித்தான்' என்பதில்தான் சிக்கல்.

வடகிழக்குப் பருவமழை இயல்பிலேயே ஆட்டம் அதிகம் உள்ள மழை. தென்மேற்கு மாதிரி ஒரே சீராக நான்கு மாதம் வீசிக்கொண்டிருப்பது இல்லை. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் காற்று திரும்பிய பிறகு வங்கக்கடலில் உருவாகும் ஏழெட்டு காற்றழுத்தத் தாழ்வுகள், கிழக்கலைகள், ஒன்றிரண்டு புயல்கள், இவைதான் நம் வருட மழையில் பாதியைக் கொண்டுவருபவை. அவற்றில் ஒன்று நூறு கிலோமீட்டர் வடக்கே தள்ளிப் போனாலும் ஒரு மாவட்டம் காய்ந்துபோகும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையேறியது, அப்போது நம் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் கழித்து குமரிக்கடல் பக்கம் ஒரு சுழற்சி வந்து நின்றது, புயலாகக்கூட ஆகவில்லை, அதுதான் காயல்பட்டினத்தில் கொட்டியது.

இந்த ஆட்டத்துக்குப் பின்னால் பசிபிக் கடலும் இருக்கிறது. எல் நினோ, அதாவது பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகிற வருடங்களில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மெலியும், நம் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் வலுக்கும். 1997லும் 2015லும் நம் மழை அப்படித்தான் வலுத்தது. 1876 பஞ்சத்துக்குப் பின்னாலும் பெரிய எல் நினோ இருந்தது, முதலில் தென்மேற்குப் பருவமழை பொய்த்ததில் தொடங்கிய பஞ்சம் அது. நம் பக்கத்து இந்தியப் பெருங்கடலும் தன் பங்குக்கு மேற்கும் கிழக்குமாக ஊஞ்சலாடும். சுமத்ரா பக்கம் கடல் சூடாகி ஆப்பிரிக்கா பக்கம் குளிர்ந்தால் மேகக்கூட்டம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும், 2016ல் நமக்கு நடந்தது அதுதான். சரி, எல் நினோவுக்கு எதிர்மாறாகப் பசிபிக் குளிர்கிற லா நினா என்றால் நமக்கு வறட்சி என்று வைத்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் முடியாது, 2021 லா நினா வருடம்தான், அந்த வருடம்தான் வெள்ளக்காடாகப் பெய்தது.

இந்த ஆட்டம் எல்லாம் தாத்தா காலத்திலும் இருந்தது. அன்று இல்லாதது, அடியில் இருக்கும் கடலின் சூடு. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020ல் வெளியிட்ட அறிக்கைப்படி வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையில் ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது, உலகக் கடல்களின் சராசரியைவிட வேகமாக. அதே பழைய ஊஞ்சல்தான் ஆடுகிறது, ஆனால் இப்போது அதிகச் சரக்கோடு ஆடுகிறது. 1992 வெள்ளம் பருவநிலை மாற்றம் இல்லாமலும் வந்திருக்கும். அப்படி ஒரு வெள்ளம் இனி எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும், வரும்போது எவ்வளவு கொட்டும் என்பதுதான் இப்போது மாறுகிறது.

அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் இருக்கிறது, இந்த விஷயம் எவ்வளவு சிக்கல் என்பதற்காகச் சொல்கிறேன். 1951 முதல் 2015 வரை இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்திருக்கிறது, முக்கியமாகக் கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும். உலகம் சூடாகும்போது மழை கூட வேண்டும் என்றால் இது ஏன் குறைந்தது? பெரிய காரணம் புகையும் தூசும். வட இந்தியாவின் மேல் படரும் அந்தப் படலம் சூரிய வெப்பத்தைத் தடுத்து நிலத்தைக் குளிர்விக்கிறது, நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறைகிறது, பருவக்காற்றை இழுக்கும் விசை குறைகிறது. இனி வரும் காலத்தில் வெப்பமாதலின் கை ஓங்கி தெற்காசியாவின் பருவமழை கூடும் என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை சொல்கிறது. அது கோடை காலத் தென்மேற்குக்குச் சொன்னது. நம் வடகிழக்குக்கும் பல கணினி மாதிரிகள் கூடும் என்ற பக்கமே சாய்கின்றன, ஆனால் பெரும்பாலான உலக மாதிரிகள் பூமியை நூறு கிலோமீட்டர் அளவுக் கட்டங்களாக வெட்டிக் கணக்குப் போடுபவை. விளாத்திகுளமும் திருச்செந்தூரும் அதில் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடும். யாராவது உங்கள் ஊருக்கு 2040ல் இத்தனை செ.மீ. என்று சொன்னால் நம்பாதீர்கள்.

---

இரணைமடுப்பக்கம்

வணக்கம். நான் கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். கடல் ஒன்று நடுவில் இருந்தாலும் எங்களுக்கும் உங்களுக்கும் ஒரே மாரி மழைதான், அதனால் இதை வாசித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை.

எங்களுடைய காலபோகம், அதாவது மாரிகால விதைப்பு, முழுக்க இந்த மழையை நம்பித்தான். ஐயா சொன்ன 2016, எங்களுக்கும் அதே வருடம்தான். அந்த மாரி பொய்த்து 2016, 2017ல் இலங்கை முழுவதும் நாற்பது வருடத்தில் இல்லாத வறட்சி என்று சொன்னார்கள், குளத்து நீரை நம்பி விதைத்தவர்களும் பெருமளவு கைவிட்டார்கள். பிறகு 2018 டிசம்பரில் இரண்டு நாளில் அடித்த மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் போனது, இரணைமடுக் குளத்தின் வான்கதவு எல்லாம் திறந்து விட்டார்கள். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயலாக மாறிய தாழமுக்கம் உங்களிடம் வருவதற்கு முன்னம் எங்கள் கிழக்கில் அம்பாறை, மட்டக்களப்பு வயல்களைக் கொண்டு போனது. விதைத்து ஒன்றரை மாதம் கூட ஆகாத நெல்.

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கள் பக்கத்திலும் மானாவாரிக் காணியில் மழைக்கு முன்னம் புழுதி விதைப்புச் செய்கிறவர்கள் உண்டு. பிந்தி விதைத்தால் நல்லது என்று இங்கேயும் சிலர் மாறிப் பார்த்தார்கள். கடும் மழை தொடங்கிவிட்டால் வயலுக்குள் உழவு இயந்திரம் இறங்காது, அதற்குப் பிறகு விதைப்பதே இல்லை என்று ஆகிவிடுகிறது. முந்தினாலும் ஆபத்து, பிந்தினாலும் ஆபத்து. அதனால் ஒரே நாளில் முழுக் காணியையும் விதைக்காமல் பிரித்துப் பிரித்து விதைக்கிறவர்கள்தான் ஏதோ ஒரு பகுதியாவது வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். எல்லாம் நல்லா வந்த வருடத்தில் அவர்களுக்கு லாபம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் எல்லாம் அழிந்த வருடம் என்று ஒன்று அவர்களுக்கு வருவதில்லை.

---

மானாவாரி_மாணவி

கோவில்பட்டியில் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1901ல் தொடங்கியது, கரிசல் மானாவாரிக்காகவே வேலை செய்வது. நான் வேளாண்மை படித்தவள், அங்கே சொல்லிக்கொடுப்பதில் உங்களுக்கு நேரடியாக உதவக்கூடியதை மட்டும் சொல்கிறேன் அண்ணாச்சி.

முன் விதைப்பைக் கைவிட வேண்டாம். கிளிநொச்சி அய்யா சொன்ன அதே காரணம்தான், கரிசல் ஒருமுறை நன்றாக நனைந்தால் டிராக்டர் இறங்க வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் அடுத்த மழை வந்துவிட்டால் பருவமே போய்விடும். ஆனால் எல்லா விதையையும் புழுதியில் போடாதீர்கள். புழுதி விதைப்பு சோளத்துக்கும் பருத்திக்கும் பொருந்துகிற அளவுக்கு உளுந்துக்கும் பாசிக்கும் பொருந்தாது. சோள விதை 5 செ.மீ. ஆழத்தில் விழ வேண்டும், மேலாகத் தூவக் கூடாது. ஆழத்தில் கிடந்தால் ஏமாற்று மழைக்கு முளைக்காது, இரண்டு செ.மீ.க்கு மேல் பெய்து மண் உள்ளே வரை நனைந்தால்தான் முளைக்கும். நீங்கள் மறு விதைப்புக்குச் செலவு செய்வதில் பெரும்பகுதி இந்த ஆழம் தப்புவதால் வருவது என்று எனக்குத் தோன்றுகிறது. வாடகை டிராக்டர்காரர் வேகமாக ஓட்டி முடிக்கத்தான் பார்ப்பார், கூடவே நடந்து நான்கு இடத்தில் மண்ணைக் கிளறிப் பாருங்கள்.

சோள விதையைக் கடினப்படுத்தி விதைப்பது இன்னொன்று. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2 சதவீதக் கரைசலில் ஊறவைத்து, எடுத்து நிழலில் உலர்த்தி, பழைய ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்து விதைக்க வேண்டும். செலவு மிகக் குறைவு, நாற்றுப் பருவத்தில் வறட்சியைத் தாங்கும் திறன் கூடும். மக்காச்சோளத்தில் பாதியையாவது குறைத்து அந்த நிலையமே வெளியிட்ட கே 12 சோளமோ கம்போ போட்டுப் பாருங்கள், பருத்திக்காடு அண்ணாச்சி சொன்னது இதில் முழுக்க சரி. மாட்டுக்குத் தட்டையும் கிடைக்கும்.

உளுந்தைப் பெய்த ஈரத்தில் விதைத்துக்கொள்ளுங்கள். வம்பன் 8 மாதிரி 65, 75 நாளில் முடிகிற, காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முதிர்கிற ரகமாக இருந்தால் தை மழைக்கு முன் எடுத்துவிட வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் மழை இல்லாமல் வாடினால் பி.பி.எஃப்.எம். என்ற பாக்டீரியாக் கரைசல் தெளிக்கலாம், வேளாண் பல்கலைக்கழகம் வறட்சி தாங்குவதற்கென்று பரிந்துரைப்பதுதான். அது மழைக்கு மாற்று கிடையாது, ஒரு வாரம் பத்து நாள் தாக்குப்பிடிக்க வைக்கும்.

அப்புறம் பண்ணைக்குட்டை. கரிசல் களிமண் நனைந்து விரிந்தால் தண்ணீரைக் கீழே விடாது, அதனால் தார்ப்பாய் விரிக்காமலே நம் மண்ணில் குட்டை நிற்கும், ஆவியாகிப் போவதுதான் முக்கியமான இழப்பு. ஒரு ஏக்கருக்கு இரண்டரை செ.மீ. உயிர்த்தண்ணீர் கொடுக்க ஒரு லட்சம் லிட்டர் போதும். பத்து லட்சம் லிட்டர் பிடிக்கிற குட்டை இருந்தால் பத்து ஏக்கரை ஒருமுறை காப்பாற்றலாம். மழைமானி அய்யா சொன்ன கணக்கோடு சேர்த்துப் பாருங்கள், பெருமழை ஒன்று பெய்கிறது, அடுத்த இருபது நாள் காய்கிறது என்பதுதான் இனி வரப்போகிற மழையின் போக்கு என்றால், அந்தப் பெருமழையில் ஒரு பங்கைப் பிடித்து அந்த இருபது நாளுக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு பெரிய வித்தை எதுவும் இல்லை.

காப்பீடு கட்டுகிறீர்களா? ராபி பருவத்து உளுந்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் நம் பங்கு. ஆனால் இழப்பை உங்கள் காட்டை வைத்துக் கணக்கிடுவதில்லை, அறிவிக்கப்பட்ட கிராமத்தின் அல்லது பிர்க்காவின் சராசரி மகசூலை வைத்துத்தான். அறுத்துக் காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் பருவம் தவறிய மழையில் கெட்டால் தனியாக இழப்பீடு கேட்க ஒரு பிரிவு இருக்கிறது, 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தப் பிரிவு உங்கள் மாவட்ட அறிவிப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

---

கரிசல்சம்சாரி

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஏமாற்று மழைக்கு ஆழத்தில் பதில் இருக்கிறது என்பது இதுவரை யாரும் எனக்குச் சொல்லாத விஷயம், எங்கள் பக்கம் உழுகிறவர்கள் இரண்டு விரல்கடைக்கு மேல் இறக்குவதில்லை. இந்த முறை சோளத்தையும் கம்பையும் புழுதியில் போட்டுவிட்டு உளுந்தைப் பெய்த ஈரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், அதையும் இரண்டு தவணையாக.

மழைமானி அண்ணாச்சியிடம் இன்னும் ஒன்று. முதல் மழை பெய்ததும் அடுத்து இருபது நாள் காயுமா, தொடர்ந்து பெய்யுமா என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? யூடியூபில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், தினமும் சிவப்பு எச்சரிக்கை என்று தலைப்பு போடுகிறார்கள், எதை நம்புவது என்று தெரியவில்லை. எங்கள் கண்மாய் பற்றியும் சொல்லுங்கள், 2023ல் கரை உடைந்த இடத்தில் மண்ணைக் கொட்டி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

---

மழைமானி

முழுக்கத் தெரிந்துகொள்ள வழி இல்லை, ஆனால் குருட்டாம்போக்கில் விதைக்கவும் தேவையில்லை.

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த நான்கு வாரத்துக்கான முன்னறிவிப்பை வெளியிடுகிறது. படம் பார்த்தாலே புரியும், எந்த வாரம் வழக்கத்தைவிடக் கூட, எந்த வாரம் குறைவு என்று நிறம் போட்டிருக்கும். முதல் இரண்டு வாரத்தை ஓரளவு நம்பலாம், மூன்றும் நான்கும் வெறும் சாயல்தான். அதற்குப் பின்னால் இருப்பது எம்.ஜே.ஓ. என்ற மேகத்திரள். பூமத்தியரேகையை ஒட்டி மேற்கில் இருந்து கிழக்காக 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றி வரும். அது இந்தியப் பெருங்கடலுக்குள் இருக்கும்போது வங்கக்கடலில் தாழ்வு நிலைகள் உருவாக வாய்ப்பு கூடும், பசிபிக் பக்கம் நகர்ந்துவிட்டால் நமக்குப் பெரும்பாலும் இடைவெளி விழும். புரட்டாசியில் ஒரு நல்ல மழை பெய்கிறது, அந்த வியாழக்கிழமைப் படத்தில் அடுத்த இரண்டு வாரமும் குறைவு என்று காட்டுகிறது என்றால் உளுந்து விதையை மூட்டையிலேயே வைத்திருங்கள். விதைத்த பிறகு தினசரிக்கு மேகதூத் செயலியில் உங்கள் மாவட்டத்தை வைத்துக்கொண்டால் ஐந்து நாள் கணக்கு தமிழிலேயே வரும், மருந்து அடிக்கவும் அறுக்கவும் அது போதும்.

கண்மாய் விஷயத்தில் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். கரையை உயர்த்துவதையே எல்லா ஊரிலும் பெரிய வேலையாகச் செய்கிறார்கள், கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெருமழையில் கரையைக் காப்பாற்றுவது கலுங்குதான். பழைய காலத்து மழை வேகத்துக்குக் கட்டிய கலுங்கு, அதன் முன்னாலும் வழிந்த தண்ணீர் போகிற மறுகால் ஓடையிலும் சீமைக்கருவேலம் மண்டி பாதி அடைத்திருந்தால், தண்ணீர் கரையின் எந்த இடம் பலவீனமோ அங்கே தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். அதுவும் நம் பக்கம் கண்மாய்கள் சங்கிலித் தொடராக இருப்பவை, மேலே ஒன்று உடைந்தால் கீழே இருப்பது இரண்டு கண்மாய்த் தண்ணீரை ஒரே நேரத்தில் தாங்க வேண்டும். உங்கள் ஊர்க்காரர்கள் ஆவணிக்குள் கூடிப் பேசி மூன்று இடத்தைப் பார்த்துவிடுங்கள். கலுங்கின் வாய், மறுகால் ஓடை அடுத்த கண்மாய் வரை, உடைந்து அடைத்த இடம். கொட்டிய மண்ணை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்கியிருக்கிறார்களா என்று கடப்பாரையால் குத்திப் பார்த்தாலே தெரியும். இறுக்காத மண் முதல் நிறைவிலேயே கரையும்.

உள்வாயில் தேங்கிய கரம்பை வண்டலை எடுக்க அனுமதி வாங்கிக் காட்டில் அடித்தால் கண்மாயின் கொள்ளளவும் கூடும், காட்டு மண்ணின் ஈரம் பிடிக்கும் திறனும் கூடும். ஆனால் அது கோடை வேலை, இப்போது கலுங்கை முதலில் பாருங்கள்.

---

பருத்திக்காடு

கலுங்கு பற்றிச் சொன்னதற்கு நன்றி. கடல் சூடு பற்றிய விளக்கத்தை இரண்டு முறை படித்தேன், அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. எங்கள் ஊர் மறுகால் ஓடையை மறித்து ஒருவர் பாதை போட்டிருக்கிறார், சின்னக் குழாய் ஒன்றைப் பதித்துவிட்டு மேலே மண் அடித்திருக்கிறார். கிராம சபையில் இதை எழுதிக் கொடுக்க எந்த விவரம் எல்லாம் வேண்டும்?

---

மழைமானி

ஓடையின் சர்வே எண், புல வரைபட நகல், பாதை போட்ட இடத்தின் படம், கலுங்கின் நீளம், குழாயின் விட்டம். கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நாற்பது அடிக் கலுங்கில் வழிகிற தண்ணீர் இரண்டடிக் குழாயில் போக வேண்டும் என்று எழுதினால் யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கிராம சபைத் தீர்மானத்தில் ஏற்றி, நகலை நீர்வளத் துறைக்கோ ஒன்றியத்துக்கோ கொடுங்கள். கண்மாய் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும், கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். காந்தி ஜெயந்திக் கிராம சபை வரை காத்திருக்காதீர்கள், ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே கொடுத்துவிடுங்கள். அக்டோபரில் மனு கொடுத்தால் தண்ணீர் அதற்கு முன்னால் வந்துவிடும்.